த்வாண்டேயில் ஒரு வெள்ளைக் கார்

அரசியல் சண்டையையும் கோப்பை கழுவுகிற கதையையும் விட்டால் இவனுக்கு வேறொன்றும் எழுதத் தெரியாது என்று முடிவுகட்டியிருக்கும் நண்பர்களுக்கு, இம்முறை காருக்கு மெழுகு பூசுவது எப்படியென்று சொல்லித்தரப் போகிறேன். எனக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. ஆனால் குசினிக்கு வருவதற்கு முன்னர் பாரிஸ் புறநகர் ஒன்றில் மூன்று வருடங்கள் மற்றவர்களின் கார்களைக் கழுவித் துடைத்து மினுக்கியிருக்கிறேன். படித்த படிப்பு பாதியில் நின்றுபோனது, இந்தப் படிப்பை மட்டும் முழுதாக முடித்தேன்.

என்னோடு வேலை செய்கிற தம்பி பர்மாத் தமிழன். ஊர் த்வாண்டே. யாங்கோனிலிருந்து ஆற்றைக் கடந்து தலாவில் இறங்கித் தெருவழியாகப் போகவேண்டும். பானை சட்டிகளுக்குப் பேர்போன ஊர். வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய, சுமார் 35 கிலோமீற்றர் நீளமான கால்வாயொன்று யாங்கோன் ஆற்றையும் ஐராவதியையும் இணைத்துக்கொண்டு ஊருக்குப் பக்கத்தால் ஓடுகிறது. அந்தப் பக்கத்து நெல்வயல்களுக்குக் கூலிகளாய்ப் போன சனங்களின் நாலாவது தலைமுறை அவன்.

10 பெப்ரவரி 2024 அன்று பர்மா இராணுவம் கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2010இலேயே எழுதி வைத்திருந்த சட்டம்தான். ஆண்களில் 18 முதல் 35 வரை, பெண்களில் 18 முதல் 27 வரை. தம்பியின் அண்ணன் மகனுக்கு வயது 19. அண்ணனிடமிருந்த ஒரே சொத்து, வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்த வெள்ளை நிற ரொயோட்டா ப்ரோபாக்ஸ். பையனை எல்லை கடத்துவதென்றால் அதை விற்கவேண்டும்.

"அண்ணே, வண்டியைக் கொஞ்சம் புதுசு மாதிரி ஆக்கினா நல்ல விலைக்குப் போகுமாம். மெசின்கூட இரவல் வாங்கிட்டான். நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்" என்றான் தம்பி.

இனிப் பாடத்திற்கு வருவோம். காரின் தகரத்திற்கு மேலேயிருக்கும் பூச்சு முழுவதையும் சேர்த்தாலே 100 முதல் 150 மைக்ரோன்தான் வரும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் மைக்ரோன். நமது தலைமயிரே ஏறக்குறைய 70 மைக்ரோன் தடிப்பு. கீறல்களை அழிக்கவென்று விற்கிற கொம்பவுண்ட் பசை, இந்தப் பூச்சைத்தான் தேய்த்து எடுக்கிறது. எடுத்தது திரும்ப வராது. மெழுகு அப்படியல்ல. அது எதையும் எடுக்காது, இருப்பதற்கு மேலே மிக மெல்லியதாகப் படிந்து, தண்ணீரையும் தூசியையும் கொஞ்சக் காலத்திற்குத் தடுக்கும். சில வெள்ளைக் கார்களில் நிறத்திற்கு மேலே கண்ணாடிபோன்ற தெளிபூச்சும் இருக்காது. கறுப்புத் துணியில் துளி கொம்பவுண்ட் எடுத்து ஒரு மூலையில் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். துணியில் வெள்ளை ஒட்டியது. நிறமே மேலே நிற்கிறது என்று அர்த்தம். கொம்பவுண்ட் வேண்டாம், மெழுகு மட்டும் போதும் என்றேன்.

எங்களுடைய றெஸ்ரோரன்ட் பூட்ட நள்ளிரவு தாண்டி அரைமணித்தியாலமாகும். அப்போது த்வாண்டேயில் காலை ஆறு மணி. வெய்யில் ஏறுவதற்கு முன்னர் தகரம் குளிர்ந்திருக்கும் நேரம், மெழுகு போட நல்ல நேரம். ஆனால் அங்கே மின்சாரம் முறைவைத்துத்தான் வரும். அன்றைய முறை காலையில் சில மணித்தியாலங்கள்தான். வைபரில் முகம் தெரிந்ததும் அண்ணன் "சொல்லுங்க தம்பி" என்றார். பின்னால் பையன் காரைக் கழுவித் துடைத்துக்கொண்டு நின்றான்.

மெசினில் இரண்டு வகையுண்டு. ஒரே அச்சில் சுற்றுகிற மெசின் ஓரிடத்தில் சூட்டைக் கூட்டும். பழகாத கைக்கு ஓரங்களில் பூச்சை எரித்துவிடும். சுற்றிக்கொண்டே ஆடுகிற மெசின்தான் பாதுகாப்பானது. நல்லவேளையாக அவரிடமிருந்தது இரண்டாவது வகை. கறுப்பு பிளாஸ்டிக் பகுதிகளுக்கு முதலில் ரேப் ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் மெழுகு பட்டு வெள்ளை வெள்ளையாகக் காயும். மிருதுவான பஞ்சுத் தட்டில் ஒரு விரல் அளவு மெழுகு. தட்டைத் தகரத்தில் வைத்த பிறகுதான் மெசினைப் போடவேண்டும், முதலே போட்டால் மெழுகு முகத்தில் தெறிக்கும். ஆகக் குறைந்த வேகம். அழுத்தக் கூடாது, மெசினின் பாரமே போதும். ஒவ்வொரு பகுதியாகச் செய்து, புகார் படிந்தது மாதிரி ஆனதும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்க்கவேண்டும். கோடு சுத்தமாக விழுந்தால் மைக்ரோபைபர் துணியால் துடைக்கலாம்.

அண்ணன் அள்ளி அள்ளிப் பூசினார். நிறையப் போட்டால் நிறைய மினுங்கும் என்று எல்லோரும் நினைப்பதுதான். கூடுதலாகப் போட்டதெல்லாம் துணியோடுதான் வரும் என்றேன்.

டின்னுக்குள் இருப்பதில் உசத்தியானது பிரேசில் நாட்டுப் பனையொன்றின் இலையில் எடுக்கிற கார்னௌபா மெழுகு. அதோடு பரஃபின் முதலான மலிவு மெழுகுகளையும் கலப்பார்கள். பரஃபின் பர்மாவுக்குப் புதிதில்லை. யாங்கோனுக்கு அக்கரையில் சிரியத்தில் பர்மா ஒயில் கம்பனியின் ஆலை மெழுகும் மெழுகுதிரியும் செய்து ஏற்றுமதி பண்ணியது. கூலிகளில் பெருந்தொகையானோர் இந்தியாவிலிருந்து போனவர்கள். 1942இல் யப்பான்காரன் வருகிறானென்று வெள்ளைக்காரன் தானே ஆலையை அழித்துவிட்டுப் போனான். கூலிகளை யார் ஏற்றிப்போவது? நாலைந்து இலட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடினார்கள், பெரும்பாலானோர் கால்நடையாக. வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை.

பாதி வேலையில் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, இப்படி மினுக்கி விக்கிறது வாங்குறவரை ஏமாத்துற மாதிரி ஆகாதா?"

நான் வேலை செய்த இடத்தில் கீறல்களை மூடுகிற பசையைப் பூசித்தான் விற்பார்கள். நாலு தரம் கழுவியதும் கீறல்கள் எழும்பிவரும். அது ஏமாற்று. இது வேறு என்று எனக்கு விளங்கப்படுத்தியது அந்தக் கராஜ் அல்ல, என்னுடைய அப்பா.

அப்பாவிடம் ஒஸ்ரின் ஏ40 வாடகைக் கார் இருந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட்டது. யாழ் பல்கலைக்கழகத்தில் நான் இரண்டாம் வருடம். மாணவர்கள் காணாமல்போகத் தொடங்கியதும் காரை விற்பதென்று முடிவெடுத்தார். விற்பதற்கு முதல் இரண்டு நாட்கள் பழைய சாரத்துணியால் மெழுகு பூசித் துடைத்தார். வாங்க வந்தவருக்குத் துருப்பிடித்த இடங்களை ஒவ்வொன்றாகக் கையை வைத்துக் காட்டினார். "உதுகளைக் காட்டிக்கொண்டு ஏன் மினுக்கினனீங்கள்?" என்று அம்மா கேட்டதற்கு, "சோறு போட்ட சாமானை ஊத்தையோட ஒருத்தரிட்டக் குடுக்கேலாது" என்றார். அந்தக் காசில்தான் நான் கப்பலேறினேன்.

அண்ணனுக்கு இந்தக் கதையைச் சொல்லி, நசுங்கலையும் துருவையும் வாயால் சொல்லி விற்கச் சொன்னேன். மின்சாரம் போவதற்குள் கூரையும் கதவுகளும் முடிந்தன. மிச்சத்தைப் பையன் கையாலேயே பூசினான். அவன் தலை நிமிரவேயில்லை. அந்தக் கார் எதற்காக மினுங்குகிறது என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் ஒருகாலத்தில் தெரிந்திருந்தது.

கார் பத்து நாளில் போனது. கேட்ட விலை கிடைக்கவில்லை, ஆனால் போதுமானதாய் இருந்ததாம். மே மாதம் ஆண்களுக்கு வெளிநாட்டு வேலை அனுமதி கொடுப்பதையும் நிறுத்தினார்கள். பையன் அதற்கு முன்னரே தாய்லாந்துக்குள் போய்விட்டான். கார் இப்போது இன்னொருவருக்கு வாடகைக்கு ஓடுகிறது. மெழுகு இரண்டு மாதத்திற்கு மேல் நிற்காது, மழைக்காலம் தொடங்கமுதல் இன்னொருதரம் பூசவேண்டும் என்று சொல்லி, பாதி டின்னையும் அண்ணன் வாங்கியவரிடமே கொடுத்துவிட்டாராம்.