வெட்டிவேர் நட்சத்திரம்

கிறிஸ்துமஸ் கிட்ட வந்துடுச்சு. பட்டணத்துல இந்நேரம் கடைக்குக் கடை பிளாஸ்டிக் மரமும் மினுக்குப் பந்தும் தொங்க ஆரம்பிச்சிருக்கும். எங்க வீட்டுல தொங்கறது வேற. வெட்டிவேர்ல கட்டுன நட்சத்திரம், பட்டை கிராம்பு போட்டுத் தட்டுன வில்லை. ரெண்டும் எங்க வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு இன்னிக்கு எழுதறேன். செய்யற விதமும் நடுநடுவுல வரும். உங்க வீட்டுல பிள்ளைங்க இருந்தா செஞ்சு பார்க்கலாம்.

எங்க ஊர் கெடார், விழுப்புரத்துலேர்ந்து திருவண்ணாமலை போற ரோட்டுல இருக்கு. நாங்க மாரியம்மனையும் அய்யனாரையும் கும்பிடற குடும்பம். மருமகள் முகையூர்ப் பொண்ணு, மாதா கோயிலுக்குப் போற குடும்பம். கல்யாணமாகி எட்டு வருசம் ஆகுது. அதனால மார்கழி வந்தா எங்க வாசல்ல கீழே பரங்கிப்பூ வெச்ச கோலம் இருக்கும், மேலே நட்சத்திரம் தொங்கும். யாரும் இதைப் பேசி முடிவு பண்ணல. அதுவா அப்படி ஆயிடுச்சு.

நட்சத்திரம் வருசா வருசம் விழுப்புரம் பஜார்ல வாங்கறதுதான் வழக்கம். 2024-ல அதுக்குக் கையில காசு இல்ல.

அந்த வருசம் நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. கடந்துட்டுப் போயிருந்தா தப்பிச்சிருப்போம். அது அங்கேயே உட்கார்ந்துடுச்சு. மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. நம்ம மாவட்டத்துல பாதி வருசம் பெய்யற மழைன்னு வெச்சுக்கோங்க. அது பத்தாதுன்னு சாத்தனூர் அணையில ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தண்ணி திறந்து, தென்பெண்ணை ஓரத்து ஊரெல்லாம் மூழ்கிப் போச்சு. எங்க பக்கம் ஆத்து வெள்ளம் இல்ல, ஏரி வாய்க்கா தண்ணிதான். ஆனா நெல்லுக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன? ஒரு ஏக்கர் சம்பா, பால் பிடிக்கற நேரம். நாலு நாள் தண்ணிக்குள்ள நின்னு படுத்துடுச்சு. அதுக்கு நான் போட்டிருந்தது இருபத்தி ரெண்டாயிரம். அரசாங்கம் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம்னு அறிவிச்சாங்க. ஏக்கர் கணக்கு பார்த்தா ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. உழவு கூலிக்கும் உரத்துக்குமே பத்தாது.

தண்ணி வடிஞ்ச பிறகு நானும் பையனும் கழனிக்குப் போனோம். வாய்க்கா பக்கத்து வரப்பு மட்டும் அப்படியே நின்னுச்சு. 2021-ல ஒரு விவசாயக் கூட்டத்துல சொன்னாங்கன்னு அந்த வரப்பு மேல வெட்டிவேர் நட்டிருந்தேன். அதுக்கு வேர் பக்கவாட்டுல பரவாது. நேரா கீழே இறங்கும், நல்ல மண்ணுல பத்தடிக்கும் கீழே போகும். அதான் மண்ணைப் பிடிச்சுக்கிச்சு. கடைசியில ஒரு பத்தடி தூரம் மட்டும் சரிஞ்சு, தூரும் வேருமா வாய்க்காலுக்குள்ள தொங்கிட்டிருந்துச்சு. பையன் அதைப் பார்த்துட்டு, "அப்பா, வரப்பு நின்னுடுச்சு, பயிரு போயிடுச்சு. நான் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போறேன்"னான். நான் ஒண்ணும் சொல்லல. தொங்குன தூரை வெட்டி எடுத்து மேல்பாதியை மறுபடி நட்டுட்டு, வேரைக் கோணியில கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

வாசல்ல கொட்டுனதும் மருமகள்தான் முதல்ல கேட்டா, "மாமா, இதுல நட்சத்திரம் கட்டலாமா?"

வேரை மூணு தண்ணியில அலசணும். மண்ணு இருந்தா மண்வாசம்தான் வரும், வேர்வாசம் வராது. அலசி நிழல்ல காயவெச்சு, கட்டறதுக்கு முன்னே அரைமணி நேரம் தண்ணியில ஊறப் போடணும். காய்ஞ்ச வேர் வளைச்சா ஒடியும், ஊறுனது நூல் மாதிரி வளையும். எலும்புக்கு தென்னை ஈர்க்கு. ஒரு நட்சத்திரத்துக்கு ஒரே நீளத்துல அஞ்சு குச்சி. பிள்ளைங்க பென்சிலை எடுக்காம நட்சத்திரம் போடுவாங்களே, அந்த வரிசையில வெச்சு அஞ்சு முனையிலயும் வாழைநார்ல முடிச்சு. பிறகு ஒவ்வொரு குச்சி மேலயும் வேரைச் சுத்திக்கிட்டே வரணும். முடிச்சுக்கு ஒரு கிராம்பு சொருகுனா பார்க்கவும் அழகு, பூச்சியும் அண்டாது.

எங்கம்மாவுக்கு எண்பத்தி ரெண்டு வயசு. ரெண்டு கண்ணுலயும் புரை, நிழலாட்டம்தான் தெரியும். திண்ணையில உட்கார்ந்தபடியே மோந்து பார்த்துட்டு, "வெட்டிவேரா? தண்ணிப் பானையில போடறதை ஏண்டா குச்சியில கட்டறீங்க?"ன்னாங்க. பேத்தி, "ஆயா, இயேசு பொறந்ததுக்கு நட்சத்திரம்"னு சொன்னா. "குழந்தை பொறந்த வீட்டுக்கு வாசம் வேணும்தான்"னு சொல்லிட்டு, "இங்க குடு"ன்னு கையை நீட்டினாங்க. கதிர்க்கட்டுக்குப் பிரி திரிச்ச கை அது. அம்பது வருசம் திரிச்சிருக்கு. வேரை உள்ளங்கையில வெச்சு ஒரு உருட்டு உருட்டினாங்க பாருங்க, கயிறா வந்துச்சு. நாங்க சுத்துனது அவிழ்ந்து அவிழ்ந்து போச்சு, அவங்க முறுக்குனது ஒண்ணுகூட அவிழல. அதுக்கப்புறம் திரிக்கற வேலை அம்மாவுக்கு, முடிச்சு எங்க வீட்டுக்காரம்மாவுக்கு, கிராம்பு சொருகற வேலை பேத்திக்குன்னு ஆயிடுச்சு. நாலு வயசுப் பேரனுக்குக் கிராம்பைத் திங்கற வேலை.

வில்லை யோசனை மருமகளோடது. மேல்நாட்டுல பட்டைத் தூளை ஆப்பிள் கூழ்ல பிசைஞ்சு, அச்சு வெட்டிக் காயவெச்சு மரத்துல தொங்கவிடுவாங்களாம், போன்ல பார்த்திருக்கா. ஆரஞ்சுப் பழத்துல கிராம்பைக் குத்தி வீட்டுல தொங்கவிடற பழக்கமும் ஐரோப்பாவுல ரொம்ப காலமா உண்டு. ஆப்பிளுக்கு நாங்க எங்க போறது? வாழைப்பழம் போட்டா எறும்பு மொய்க்கும். உப்பும் மைதாவும் பிசையலாம்னா, மார்கழிப் பனியில உப்பு தண்ணி விட்டு வில்லை கொழகொழன்னு ஆயிடும். வீட்டுக்காரம்மா சொன்னதுதான் புளியங்கொட்டை. வறுத்து, தோலை நீக்கி, மாவாக்கித் தண்ணியில கொதிக்கவெச்சா பசை மாதிரி வரும். அந்தக் காலத்துல காகிதம் ஒட்டறதுக்கும் அதுதான். அந்தப் பசையில பட்டைத் தூள், கொஞ்சம் கிராம்புத் தூள், பேத்தியைக் குளிப்பாட்ட வெச்சிருந்த நலங்குமாவு, எல்லாத்தையும் போட்டுச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைஞ்சோம். தட்டி, வளையல்ல வட்டமா வெட்டி, ஈர்க்குல ஒரு ஓட்டை. நிழல்ல நாலு நாள், தினம் ரெண்டு தரம் திருப்பிப் போடணும். வெயில்ல வெச்சது எல்லாம் வெடிச்சுப் போச்சு, அதனால வெயில் வேண்டாம்.

இந்த வேலை பத்து நாள் சாயங்காலம் நடந்துச்சு. பத்து நாளும் ஒரகடம் பேச்சும் கூடவே நடந்துச்சு. பையனும் எங்க கூட உட்கார்ந்து ஈர்க்கு சீவிக்கிட்டே பேசுவான். மாசம் பதினாறாயிரம், கேன்டீன் சாப்பாடு, அறை வாடகையை நாலு பேர் பங்கு போட்டுக்கலாம். மருமகள், "பிள்ளைங்க?"ன்னு கேப்பா. அதுக்கு அவன்கிட்ட பதில் இருக்காது. வீட்டுக்காரம்மா பேச்சை மாத்துவா. ஒரு நாள் அம்மாதான் கேட்டாங்க, "அடகுல இருக்கற நகையை மீட்க கழனி போதுமாடா?" எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. போதாதுன்னு சொன்னேன். அது கணக்கு, அதுல என்ன கௌரவம் இருக்கு? "அப்போ போயிட்டு வரட்டும். வேரு இங்கதானே இருக்கு"ன்னாங்க அம்மா. கையில இருந்த வேரைச் சொன்னாங்களா, வேற எதையாவது சொன்னாங்களான்னு நான் கேட்கல. பையன் எழுந்து வெளியே போயிட்டான். திரும்பி வந்தப்போ முகம் கழுவியிருந்தான்.

மரத்துக்கு சவுக்குக் கிளை. நம்ம பக்கம் சவுக்குக்கா பஞ்சம்? ஒரு கிளையை மண் நிரப்பின பக்கெட்டுல நட்டு, பதினேழு நட்சத்திரமும் முப்பது வில்லையும் கட்டினோம். சாணி மெழுகுன தரை, சவுக்கு, வெட்டிவேர், பட்டை எல்லாம் சேர்ந்து ஒரு வாசம். அதை எழுத்துல கொண்டுவர எனக்குத் தெரியல. சீரியல் லைட்டு போன வருசத்துது, பாதி எரிஞ்சுச்சு.

டிசம்பர் 24 ராத்திரி அவங்க நாலு பேரும் முகையூருக்குப் பூசைக்குப் போனாங்க. பத்து நட்சத்திரத்தைத் துணிப்பையில போட்டுக் குடுத்தேன். சம்பந்தி வீட்டுல ரெண்டை குடில்ல தொங்கவிட்டு, மிச்சத்தை அக்கம்பக்கம் குடுத்தாங்களாம். வெள்ளத்துல நொந்து போன ஊர்தானே அதுவும். மறுநாள் கேக்கோட எங்க வீட்டுக்கு வந்த சம்பந்தி, எங்கம்மா கையைப் பிடிச்சு மோந்து பார்த்துட்டு, "கோயில்ல இருந்த அதே வாசம்"னார். அம்மா சிரிச்சுட்டாங்க.

வெட்டிவேர் நம்ம தமிழ்ச் சொல். அதைப் பிரெஞ்சுக்காரங்க எடுத்துக்கிட்டு, இன்னிக்கு உலகம் முழுக்க செண்டு பாட்டில்ல 'வெட்டிவெர்'னுதான் போடறாங்க. எங்கேயோ இருக்கற ஹைத்தி நாட்டுல அந்த எண்ணெய் எடுக்கறதுதான் ஆயிரக்கணக்கான விவசாயிகளுக்குப் பொழப்பு. இங்க கடலூர் பக்கம் நொச்சிக்காடு மாதிரி கடலோர மணல்ல ஏக்கர் கணக்குல பயிர் பண்றாங்க. மணல்ல வேரை எடுக்கறது சுலபம். எங்க மண்ணுல தோண்டி எடுத்தா கூலி கட்டாது, வரப்புக்குத்தான் லாயக்கு. அதனால யாரும் என்கிட்ட விலை கேட்க வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில கால் கிலோ வாங்குங்க, நாலஞ்சு நட்சத்திரம் வரும்.

பையன் 2025 ஜனவரியில பொங்கல் முடிஞ்சு ஒரகடம் போனான். சனிக்கிழமை ராத்திரி வருவான், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளம்புவான். நகையில பாதி மீண்டிருக்கு. வடக்கு வரப்புலயும் இந்த ஆடியில முன்னூறு தூர் வெட்டிவேர் நட்டிருக்கேன். நட்டது நானும் மருமகளும்.

ஒரு விசயம் சொல்லி முடிச்சுக்கறேன். பொங்கலுக்கு மேல நட்சத்திரத்துல வாசம் குறையும். தூக்கிப் போட்டுடாதீங்க. கொஞ்சம் தண்ணி தெளிச்சா வாசம் திரும்பி வரும். பிறகு துணி பீரோவுல வெச்சுடுங்க, அடுத்த வருசம் வரைக்கும் இருக்கும். வில்லையில மட்டும் தண்ணி படக்கூடாது, கரைஞ்சு போயிடும். பையன் தங்கியிருக்கற அறையில ஒண்ணு தொங்குது. கூட இருக்கற மூணு பேரும் ஆளுக்கு ஒண்ணு கேட்டிருக்காங்க. வேர் ஊறிக்கிட்டு இருக்கு, இன்னிக்கு சாயங்காலம் கட்டணும்.