தூக்குவாளி

ஐதராபாத்திற்குப் பணிமாற்றலில் வந்த புதிதில், ஒரு மாலை தெருக்கடையில் மிளகாய் பஜ்ஜி வாங்கினேன். கடைக்காரர் கொதிக்கும் எண்ணெயிலிருந்து எடுத்தவற்றை மெல்லிய கறுப்புப் பையில் இட்டுத் தந்தார். அருகில் நின்ற என் மாணவி, "ஐயா, சூடான உணவை நெகிழிப்பையில் வாங்கக் கூடாது என்று நேற்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றாள். நாணித் தலைகுனிந்தேன்.

மறுசுழற்சி தீதன்று, குப்பையைக் குறைக்கும் நற்செயலே. கறுப்புப் பைகள் பெரும்பாலும் அவ்வாறு உருவானவையே. ஆயினும், உருக்கி வார்த்த நெகிழி முன்பு எதைத் தாங்கியிருந்தது என்பதை நாம் அறியோம். அது பூச்சிமருந்துப் புட்டியாகவும் இருந்திருக்கலாம். அதன் எச்சமும் சாயமும் சூட்டினாலும் எண்ணெயாலும் உணவில் கலக்கக்கூடும். ஆகவேதான், 2018-ஆம் ஆண்டின் இந்திய உணவுப் பொதிவு விதிகள் மறுசுழற்சி நெகிழியில் உணவைப் பொதியத் தடை விதித்தன. உரிய தரநிலைகளுக்கு உட்பட்டவற்றுக்கு மட்டுமே பின்னர் இசைவு தரப்பட்டது. தெருக்கடைப் பையின் தரத்தை யார் ஆராய்ந்தார்?

ஊரில் என் தாய் தூக்குவாளியின்றிப் பலகாரக் கடைக்குச் சென்றதில்லை. மறுநாள் நானும் ஒன்று வாங்கிக் கடைக்காரரிடம் நீட்டினேன். "எனக்கும் பைச்செலவு மிச்சம்" என்று அவர் தெலுங்கில் சொல்லிச் சிரித்தார்.

மாணவர்களே, அன்று பாடம் கற்றவன் நான். கற்பித்தவள் உங்களுள் ஒருத்தி.