வேலிப் பொட்டு

பருத்தித்துறையில் எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் இடையே கிடுகு வேலி இருந்தது. அதிலே ஒரு பொட்டு. 1987 மே மாதம் வடமராட்சியில் 'ஒப்பரேசன் லிபரேசன்' தொடங்கி ஷெல் விழுந்தபோது, இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு அந்தப் பொட்டாலேதான் கோயிலுக்கு ஓடினோம். அந்தப் பிள்ளைகள் இன்று கனடாவிலும் லண்டனிலும்.

இவர் காலமானபின் நான் தனி. பக்கத்து வீட்டு அக்காவும் தனி. விடிய முற்றம் கூட்டும் சத்தம் கேட்காவிட்டால் ஒருவரை ஒருவர் வந்து பார்ப்போம். போன மாரியில் நான் காய்ச்சலாய்க் கிடக்க, கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்தவர் அவர்தான்.

சென்ற வருடம் மகன் மதில் கட்டக் காசு அனுப்பினான். கள்ளர் பயமாம். பொட்டு இருந்த இடத்தில் சின்னப் படலை ஒன்று விடும்படி மேசனிடம் சொன்னேன். மகனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அம்மாவுக்கு எங்களைவிட அயலட்டைதான் பெரிசு."

இரண்டு மாதம் ரெலிபோன் இல்லை. அழுதேன்தான். அவனும் தூரத்திலிருந்து பயப்படுகிறான், பாவம். ஆனால் நடுச்சாமத்தில் நெஞ்சு நொந்தால் கனடாவிலிருந்து யார் ஓடி வருவது?

அக்காவுக்கு இப்போது காது மந்தம். நேற்று நான் கூட்டியது கேட்கவில்லையாம். தலையைக்கூட முடியாமல் படலையைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். கையில் விளக்குமாறோடு நின்ற என்னைக் கண்டதும் ஏசினார். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்.