சாக்குருவிக்கு ஒரு வீடு

தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் ராத்திரி சஃபாரி உண்டு. பொழுது சாய்ந்ததும் திறந்த வண்டியில் ஏற்றி, கையில் பெரிய விளக்கையும் கொடுத்துவிடுவார்கள். புதருக்குள் இரண்டு கண்கள் மின்னினால் வண்டி நிற்கும். சிறுத்தை என்றால் ஜென்ம சாபல்யம். பல நேரம் முயல்தான்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் மார்கழியில் திருத்துறைப்பூண்டிக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுக்கலாம். முள்ளியாற்றுப் பக்கம் கதிர் வாங்கிய சம்பா வயல். வரப்பில் உட்கார ஒரு சாக்கு, தலைக்கு மஃப்ளர். டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிவிட்டால் பிராணிகள் அவ்வளவாக மிரளாது. சஃபாரிக்காரர்களின் உத்தியும் அதுதான்.

என்னை அழைத்துப்போன விவசாயிக்கு எழுபது வயதிருக்கும். "பேசாம உக்காருங்க தம்பி. கொசு கடிச்சா கடிக்கட்டும், அடிக்காதீங்க" என்றார். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. தலைக்கு மேலே 'வக்... வக்...' என்று ஒரு வக்கா போனது. பிறகு, மிகப் பக்கத்தில் 'கறுக், கறுக்'. எலி. ஒரு கதிருக்காக முழுத் தண்டையும் வெட்டிச் சாய்க்கிற ஊதாரி. போதாததற்கு வளையில் வேறு சேமித்துக்கொள்ளும்.

வயல் நடுவே 'டி' எழுத்து மாதிரி ஒரு குச்சி நட்டிருந்தார். பகலில் கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். இப்போது வெளுப்பாக ஏதோ அதில் உட்கார்ந்திருந்தது. எப்போது வந்தது? சிறகடித்த சத்தமே இல்லை. முகம் மட்டும் மெல்லத் திரும்பியது. சரிந்து இறங்கியது. ஒரு 'கீச்'.

"ஒண்ணு முடிஞ்சுது" என்றார்.

புத்தகத்தில் கூகை. ஊரில் சாக்குருவி. இதன் ஒரு காது மற்றதைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை வைத்தே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுவிடும். ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்கர் கும்மிருட்டு அறையில் சருகைப் பரப்பி, எலிக்குப் பதில் ஒரு காகிதப் பந்தை நூலில் கட்டி இழுத்துப் பார்த்தார். அதையும் பிடித்துவிட்டது! (திமிங்கலம் பாடுவதை உலகத்துக்குக் கேட்கவைத்தவரும் இவரேதான்.)

டெல்டாவில் எலிக்கு மூங்கில் கிட்டி வைக்க ஆள் வருவார். எலிக்கு இவ்வளவு என்று கூலி. கூகை சின்ன எலியாக இருந்தால் ராத்திரிக்கு மூன்று நான்கு தின்னும், கூலி கேட்காது. பி.காம். படித்த எனக்கு இதைவிட லாபமான கணக்கு தெரியாது. ஆனால், இதே பறவை ஓட்டுமேல் உட்கார்ந்து ஒரு கிறீச் விட்டால் போதும், கல்லை எடுக்கிறோம். வங்காளத்தில் இது லட்சுமியின் வாகனம்!

கல்லைவிட மோசம் விஷம். சில எலி மருந்துகள் உடனே கொல்லாது. தடுமாறித் திரியும் எலிதான் கூகைக்குச் சுலபமான இரை. விஷமும் சேர்ந்தே உள்ளே போகும். கூடு வைக்கவும் இடமில்லை. பொந்துள்ள கிழட்டு மரங்கள் குறைந்துகொண்டே வந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் வேறு இந்தப் பக்கம் மரங்களை வாரிச் சாய்த்துவிட்டுப் போனது.

இஸ்ரேலில் 1983-ல் வயலோரம் மரப்பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியமர்த்த ஆரம்பித்தார்கள். 2002-ல் ஜோர்டான், பாலஸ்தீன விவசாயிகளும் சேர்ந்துகொண்டார்கள். அரபு நாட்டிலும் கூகை அபசகுனம்தான். அதையும் மீறித்தான் பெட்டி ஏறியது.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை.

"வைக்கலாம். வீட்டுப்பக்கம் வச்சா, தெருவுல ஒரு சாவு விழுந்தாலும் பழி என் தலையில விழும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "மோட்டார் கொட்டாயில வேணா வச்சிடுவோம். அங்கதான் யாரும் குடியில்லையே."