வியாசர்பாடியில் மூன்று உவமைச் சித்திரங்கள்

சென்னையிலிருந்து ஆவடி செல்லும் மின்சார இரயில் பேசின் பிரிட்ஜைக் கடந்ததும் வியாசர்பாடி ஜீவா நிலையம் வருகிறது. வியாச முனிவரின் பெயரோடு தொடர்புபடுத்தப்படும் இவ்வூரில் தொன்மையான இரவீசுவரர் ஆலயம் உண்டு. பிற்காலத்தில் இருப்புப் பாதைகளும் ஆலைகளும் இதனைச் சூழ்ந்தன. பல தலைமுறைகளுக்குச் சோறளித்த பக்கிங்காம் கர்நாடிக் ஆலை அருகேதான் இருந்தது. 1996-இல் அது மூடப்பட்டது. ஆயினும் இன்றளவும் இது உழைப்பாளர் ஊரே.

இவ்வூரைச் சுற்றிப் பார்க்க நாம் சில ஓவியர்களைத் துணைக்கு அழைக்கிறோம். இன்றைய பெல்ஜியம் நாட்டின் ஒரு பகுதியான பிளாண்டர்ஸில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர்கள் அவர்கள். இயேசு பெருமானின் உவமைகளைத் தீட்டியபோது, அவர்கள் பாலஸ்தீனத்தைத் தேடிப் போகவில்லை. தங்கள் ஊர்ச் சத்திரத்தையும், வயல் வரப்பையும், மாட்டுத் தொழுவத்தையுமே தீட்டினார்கள். விதையையும் புளித்த மாவையும் கொண்டு விண்ணரசை விளக்கிய ஆண்டவரின் வழியும் இதுவேயன்றோ?

முதலாவது, யான் வான் ஹெமெசன் 1536-இல் தீட்டிய ஊதாரி மைந்தன். பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் இவ்வோவியத்தில், மதுவும் கேளிக்கையுமாகச் சத்திரத்துக் கூட்டமே முன்புறம் முழுவதையும் அடைத்துக் கொள்கிறது. பன்றிகளிடையே அவன் படும் பாடும், தந்தை அவனை ஏற்றுக் கொள்வதும் பின்னணியில் சிறு உருவங்களாக உள்ளன. பாவம் தானாகவே கண்ணில் படும். மீட்பையோ நாம் தேடிக் காண வேண்டும். இதுவே ஓவியரின் போதனை.

வியாசர்பாடியைப் பற்றி வெளியூரார் அறிந்திருப்பதும் பெரும்பாலும் முன்புறச் செய்திகளையே. அடிதடியும் வழக்கும் நாளிதழில் பெரிய எழுத்தில் வருகின்றன. ஆனால் முல்லை நகர்த் திடலில் பந்தை உதைத்துப் பழகும் சிறுவர் சிறுமியரை நோக்குங்கள். கால்பந்தாட்டத்திற்காகவே இவ்வூரைக் குட்டி பிரேசில் என்று அழைப்பவர்கள் உண்டு. விடியுமுன் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் புறப்படும் தாய்மாரையும் நோக்குங்கள். இவ்வூரின் உண்மைக் கதை இந்தப் பின்னணியில்தான் நடக்கிறது.

இரண்டாவது ஓவியத்தைக் கேப்டன் காட்டன் கால்வாயின் கரையில் நின்று எண்ணிப் பார்க்கலாம். பீட்டர் புரூகெல் 1568-இல் தீட்டிய அது இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இருக்கிறது. பார்வையற்ற அறுவர் கோலைப் பற்றியும் தோளில் கை வைத்தும் வரிசையாக வருகிறார்கள். முன் சென்றவன் நீரோடையில் வீழ்ந்துவிட்டான். அடுத்தவன் வீழ்ந்து கொண்டிருக்கிறான். பின்வருவோர் இன்னும் அறியார். பிரஸ்ஸல்ஸுக்கு அருகே இன்றும் நிற்கும் ஒரு கிராமத்துக் கோவில் பின்னணியில் தெரிகிறது. அவர்களுள் பலரின் கண்களை மருத்துவர்கள் நோய் கண்டு சொல்லும் அளவுக்கு அக்கறையோடு ஓவியர் தீட்டியுள்ளார். எனவே உடற்குறையை எள்ளுவது அவர் நோக்கமன்று; வழிகாட்டியின் அகக் குருடே அவர் சுட்டுவது. தோளில் வைத்த கை நம்பிக்கையின் அடையாளம். அந்த நம்பிக்கையே பின்வருவோரைப் பள்ளத்திற்கு இழுத்துச் செல்கிறது! மாலைக் கூலியை மதுக்கடையில் கொடுத்துவிட்டு வரும் தந்தையின் தோளிலும் ஒரு பிள்ளையின் கை இருக்கிறது. இது எவ்வூருக்கும் பொது; நம் பங்குக்கும் பொது.

மூன்றாவது, ஏறத்தாழ 1618-இல் ரூபன்ஸ் தீட்டி, ஆண்ட்வெர்ப் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஊதாரி மைந்தன். அந்தி நேரத்துத் தொழுவம். குதிரைகள், மாடுகள், வேலையாட்கள், மெழுகுதிரி வெளிச்சம் என்று பலகையின் பெரும்பகுதி அன்றாட வேலைக்கே உரியது. ஓர் ஓரத்தில், பன்றித் தொட்டியருகே, கந்தலுடுத்த இளைஞன் கைகூப்பி முழந்தாளிட்டிருக்கிறான். தீவனம் கொட்டும் பெண் அவனை நோக்குகிறாள். தந்தை இந்த ஓவியத்தில் இல்லவே இல்லை. அவர் ஓடி வந்து அணைக்கும் காட்சியை ஓவியர் தீட்டாமல் விட்டிருக்கிறார்.

விடுபட்ட அந்த இடத்தை நிரப்ப முன்வந்தவர்களுள் ஒருவரை வியாசர்பாடி அறியும். இத்தாலி நாட்டுச் சலேசிய குரு ஓர்ஃபியோ மாந்தோவானி, ஆதரவற்றோருக்காக இங்கே நிறுவிய இல்லத்திற்கு மலைப்பொழிவின் பேறுகளை நினைவூட்டும் பியாட்டிட்யூட்ஸ் என்ற பெயர் அமைந்தது. ஓரத்தில் கிடந்தவர்களைக் கண்டு அருகில் சென்றதே அவரது பணி.

ஆண்ட்வெர்ப்பிற்குப் பயணம் போக நம்மில் பலருக்கு இயலாது. வியாசர்பாடிக்குப் போகலாம், அதுவும் இயலாவிடில் நம் தெருவிலேயே நடக்கலாம். இவ்வோவியங்களின் படங்கள் கிடைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அறுவருள் நாம் யார், தொழுவத்தில் நாம் யார் என்று அவர்களோடு சேர்ந்து கேட்டுப் பாருங்கள். தம் வேலையே கண்ணாக இருக்கும் ஆட்களுள் ஒருவராகவே நம்மை நாம் காணக்கூடும். அவ்வாறாயின், வேலையைச் சற்றே நிறுத்தி அந்த ஓரத்தை நோக்குவோம்.