கைப்பிடிச்சுவர்



புது வீடு கட்டுகிறவன் தன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. எவனாவது தவறி விழுந்தால் அந்தப் பழி வீட்டைச் சேரும் என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். வீட்டுப் பிரதிஷ்டைக்கு என்னை அழைக்கிறவர்கள் 127-ஆம் சங்கீதத்தையே பெரும்பாலும் விரும்பிக் கேட்கிறார்கள். இந்தக் கட்டளையை வாசிக்கும்படி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் மகிழ்வேன். வீட்டுக்காரனின் செழிப்பைப்பற்றி ஒன்றும் பேசாமல், அவன் வீட்டுக்கு வந்துபோகிறவனின் உயிரைப்பற்றி மட்டும் கவலைப்படுகிற கட்டளை அது.

பெரும்பாக்கத்தில் ஒருவனை விழச்செய்வது பெரும்பாலும் மெத்தையன்று, தண்ணீர். நம் ஊர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியிருக்கிறது. 2022-ல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட நிலம் அது. சுற்றியுள்ள பல ஏரிகளின் உபரிநீர் அங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தருகே கடலில் கலக்கவேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டபின் நாம் மனைகளை உயர்த்திக் கட்டுகிறோம். அதைக் குறைகூற மாட்டேன். இடுப்பளவு நீரில் நின்றவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஆயினும் நம் வாசலிலிருந்து விலகிய நீர் பக்கத்து வீட்டுக்கூடத்திற்குள் போகிறது. சாலை உயர்ந்து உயர்ந்து, தெருவிலிருந்து படியிறங்கி உள்ளே போகவேண்டிய பழைய வீடுகளில் வாழும் முதியோர் நம் சபையிலேயே உண்டு. உங்கள் கார் ஏறுவதற்காகப் போட்ட சிமெண்டுச் சரிவு மழைநீர் வடிகாலின் வாயை மூடியிருக்கிறதா என்று இந்த வாரமே குனிந்து பாருங்கள். மூடியிருந்தால், ஐப்பசி மழைக்கு முன்பே கொத்தனாரை அழையுங்கள்.

இன்னொரு காரியமும் உண்டு. தெருமுனையில் இரும்புக் கதவு வைக்கலாமென்று சிலர் பேசி வருகிறீர்கள். திருட்டுக்குப் பயப்படுவது பாவமன்று. ஆனால் கதவு எந்தத் திசையை நோக்கிப் பேசப்படுகிறது என்பதை நாம் எல்லாரும் அறிவோம். அந்தத் திசையில் வாரியம் கட்டிய எட்டு அடுக்குக் கட்டிடங்கள் நிற்கின்றன. 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 400 சதுர அடி. அடையாறு, கூவம் கரைகளில் தலைமுறைகளாய் வாழ்ந்தவர்களில் அநேகர் 2015 வெள்ளத்தைத் தொடர்ந்து அங்கே கொண்டுவரப்பட்டார்கள். நடந்துபோய் வேலைசெய்த வீடுகளுக்கு இப்போது பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம். சில பிள்ளைகளுக்குப் படிப்பாண்டின் நடுவிலேயே பள்ளி மாறியது. வேலை கேட்டுப்போன இடத்தில் முகவரியைச் சொன்னதும் முகம் மாறுவதை அங்குள்ள இளைஞர் அறிவார்கள்.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபத்தை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். வீடுகளைக் கட்டிக் குடியிருக்கவும், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடவும் அது சொல்லுகிறது. நாமோ வங்கிக் கடன் வாங்கி, மனமுவந்து இங்கே வந்தவர்கள்; விருப்பமின்றிக் கொண்டுவரப்பட்டவர்கள் கதவுக்கு அப்புறம் இருக்கிறவர்கள். அந்த நிருபத்தின் முகவரி யாருடையது என்று சற்றே யோசித்துப் பாருங்கள்.

கதவைக்குறித்துக் கையெழுத்துக் கேட்டு உங்களிடம் காகிதம் வரலாம். நான் கையெழுத்திடப் போவதில்லை. உங்கள் தீர்மானம் உங்களுடையது. கையெழுத்திடுமுன், அந்த வழியாகக் காலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அம்மாள் இனி எவ்வளவு தூரம் சுற்றிவரவேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள்.

கிறிஸ்துமஸ் கீதபவனி இவ்வாண்டு அந்தக் குடியிருப்பிலிருந்து தொடங்கும். மின்தூக்கி ஓடாத கட்டிடங்களும் இருக்கக்கூடும். மூட்டுவலி உள்ளவர்கள் கீழே நின்று பாடலாம். டிரம்மைச் சுமந்து மேலேறுவதற்கு வாலிபர் இருவர் தங்கள் பெயரை இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் தரவும்.