மஞ்சள் முக்கோணம் எங்கே போனது?

அப்பாவின் மடிக்கணினியில் இருப்பது டெபியன் வழிவந்த ஒரு லினக்ஸ். பல ஆண்டுகளாகத் தொடாமல் விட்டிருந்ததை அண்மையில் ஒரேயடியாகப் புதிய பதிப்புக்கு மாற்றிக் கொடுத்தேன். உடனே திருவான்மியூரிலிருந்து அப்பாவின் போன். "மஞ்சளா ஒரு முக்கோணம் வருமே, எங்கப்பா அது? இப்ப கறுப்பா என்னமோ வருது. ஓரத்துல இருந்த குட்டிப் படங்களையும் காணோம்."

செட்டிங்ஸில் துழாவிப் பயனில்லை. அறிவிப்பு எந்த வழியாக வருகிறது என்று பார்த்தால்தான் புரியும். லினக்ஸில் மென்பொருள்கள் டி-பஸ் வழியாகப் பேசிக்கொள்கின்றன. டெர்மினலில் டிபஸ்-மானிட்டரை ஓடவிட்டால் அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்கலாம். தலைப்பு, வாசகம், எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும், எல்லாம் அதில் போகிறது. படம் மட்டும் பெரும்பாலும் போவதில்லை. 'டயலாக்-வார்னிங்' என்று வெறும் பெயர்தான் போகிறது. அந்தப் பெயருக்கு எந்தப் படத்தைக் காட்டுவது என்பதை முடிவு செய்வது ஐகான் தீம். டிவி சீரியலில் 'இவருக்குப் பதில் இனி இவர்' என்று போடுவார்களே, அந்தக் கதைதான். பாத்திரத்தின் பெயர் அதே, நடிகர் வேறு.

இந்தப் பெயர்கள் எப்போது வந்தன? லினக்ஸின் டெஸ்க்டாப் சூழல்களான ஜினோமும் கேடிஇயும் ஒருகாலத்தில் தத்தம் விருப்பத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தன. ஜினோம் பக்கம் இதே எச்சரிக்கைப் படத்துக்கு 'ஜிடிகே-டயலாக்-வார்னிங்' என்று பெயர். 2005இல் தொடங்கிய டேங்கோ திட்டம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முனைந்தது. எல்லா டெஸ்க்டாப்புக்கும் பொதுவான பெயர்ப்பட்டியல் உருவானது. பழைய பெயர்களைப் புதியவற்றோடு இணைக்க ஒரு கருவியும் எழுதினார்கள். படத்தைத் தேடும் வரிசை அதற்கு முன்பே வகுக்கப்பட்டிருந்தது: முதலில் நாம் தேர்ந்த தீம், பிறகு அது 'இன்ஹெரிட்ஸ்' வரியில் சுட்டும் தீம், கடைசியில் 'ஹைகலர்'. அப்பாவின் புதிய தீமில் அந்தப் பெயருக்கு ஒற்றை நிறக் கோட்டுருவம் மட்டுமே இருந்தது. வண்ணப்படத்தை எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஓரத்துக் குட்டிப் படங்களின் கதை வேறு. 2011 ஏப்ரலில் ஜினோம் 3 வந்தபோதே அவை திரையின் அடிப்பகுதிக்குத் தள்ளப்பட்டன. 2017 செப்டம்பரில் வெளியான 3.26 பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டன. மென்பொருளுக்கு மென்பொருள் அவை வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்பது காரணம். டெபியன் 9இல் இருந்தது ஜினோம் 3.22, 2019 ஜூலையில் வந்த டெபியன் 10இல் 3.30. எனவே டெபியன்காரர்களுக்கு அந்த முடிவு ஏறத்தாழ இரண்டு ஆண்டு தாமதமாக வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு அதற்கும் பிறகு.

திருவான்மியூர் ரயில் நிலையத்தை ஒட்டிய டைடல் பார்க்கில்தான் அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் இருக்கிறது. அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்குமாக அவர்கள் உருவாக்கி, 2007 முதல் வெளியிட்டுவரும் பாஸ் லினக்ஸுக்கும் டெபியன்தான் அடித்தளம். மூலத்தில் யாரோ எடுக்கும் முடிவு பக்கத்துத் தெருவரை வருவதற்கு இப்படி வழி இருக்கிறது.

ஒற்றை நிற ஐகான்கள் நேர்த்தியானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயதான கண்ணுக்கு மஞ்சள் அலங்காரம் அல்ல, செய்தி. அதை எடுத்தது தவறான முடிவு.

சரிசெய்ய வழி உண்டு. ஓரத்துப் படங்களை ஆப்இண்டிகேட்டர் என்ற ஜினோம் நீட்சி மீட்டுத் தரும். உபுண்டு 2017இலிருந்தே அதைச் சேர்த்துத்தான் தருகிறது. முக்கோணத்துக்கு, நம் ஹோம் கோப்புறையில் அதே தீமின் பெயரில் பழைய படத்தை வைத்தால் கணினி அதையே முதலில் எடுக்கும். பழைய படம் கையில் இருந்தால்தான் இது நடக்கும். வீட்டுப் பெரியவர்களின் கணினியை அப்கிரேடு செய்யப்போகிறவர்கள், அதற்கு முன் பழைய ஐகான் கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.